கையில் கடலைப் பொட்டலம் வேண்டாம்: ஜெய்ப்பூர் ‘குரங்குக் கோயில்’ மலையில் ஒரு நடை

ஜெய்ப்பூருக்கு டூர் போகிற நம்ம ஊர்க்காரர்களின் லிஸ்ட் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஹவா மஹால், ஆம்பர் கோட்டை, ஜந்தர் மந்தர், ராத்திரி சாப்பாட்டுக்கு ஒரு தால் பாட்டி. நேரம் மிச்சமிருந்தால் கடைசியாக இன்னொரு பெயர் சேரும்: கல்தாஜி. இன்ஸ்டா ரீல்ஸில் ‘மங்கி டெம்பிள்’ என்று வருவது இந்த இடம்தான்.

பெயரைக் கேட்டதும் நமக்குச் சிரிப்பு வரும். ‘கல்தா கொடுத்துட்டாங்க’ என்றால் நம்ம ஊரில் அர்த்தமே வேறு. இந்தக் கல்தாவோ காலவ முனிவரின் பெயரிலிருந்து வந்தது என்கிறது தல புராணம். அவர் இங்கே தவம் இருந்ததால் மலையில் நீர் ஊற்று பிறந்தது என்பது நம்பிக்கை.

ஜெய்ப்பூர் நகரின் கிழக்கு ஓரத்தில், ஆரவல்லி மலையின் ஒரு இடுக்கில் இருக்கிறது இந்தக் கோயில் தொகுதி. சாலை வழியாகச் சுற்றிப் போனால் நகரின் மையத்திலிருந்து சுமார் 10 கிலோமீட்டர். ஆனால் கைடுகள் கூட்டிப்போவது வேறு வழி. நகரின் பக்கமிருந்து கல்தா கேட் வழியாக நுழைந்து, மலையேறி, உச்சியிலுள்ள சூரியன் கோயிலைப் பார்த்துவிட்டு, மறுபக்கம் பள்ளத்தாக்கில் இறங்குகிற நடைபாதை. மேலே ஏற அரை மணி நேரம் போல ஆகும். வழி முழுக்கக் குரங்குகள். வாங்க, நாமும் நடப்போம்.

முதல் முடிவு வாசலிலேயே

கேட்டைத் தாண்டுவதற்குள் யாராவது ஒருவர் உங்கள் முன்னால் கடலைப் பொட்டலத்தை நீட்டுவார். விலை அதிகம் இருக்காது. ‘பந்தர் கே லியே’ என்பார். குரங்குக்காக. வேறு ஊர்க்காரர்கள் வாங்குகிறார்கள், வெளிநாட்டுக்காரர்கள் வாங்குகிறார்கள், நாம் மட்டும் வாங்காமல் போனால் கஞ்சத்தனமாகத் தெரியுமோ என்றுகூடத் தோன்றும். அனுமனின் இனத்துக்கு ஒரு பிடி கடலை போடுவது புண்ணியம்தானே?

அடுத்த ஒரு மணி நேரம் உங்களுக்கு எப்படிப் போகும் என்பதை முடிவு செய்வது இந்தப் பொட்டலம்தான். வாங்கினால் என்ன நடக்கும் என்பதைக் கடைசிவரை நடந்து பார்த்துவிட்டுப் பேசலாம். இப்போதைக்கு, சிரித்துத் தலையசைத்துவிட்டு வெறுங்கையோடு ஏறுங்கள்.

யார் இந்தக் குரங்குகள்?

இங்கே கூட்டம் கூட்டமாக இருப்பவை நம்ம ஊர்க் குரங்குகள் அல்ல. பழனியிலும் அழகர்கோயிலிலும் நாம் பார்ப்பது நாட்டுக் குரங்கு. அதன் உச்சந்தலையில் முடி நடு வகிடு எடுத்துத் தொப்பி வைத்தது போலப் படிந்திருக்கும், வால் நீளமாக இருக்கும். கல்தாவில் இருப்பது ரீசஸ் குரங்கு. தலையில் தொப்பி கிடையாது. வால் குட்டை. இடுப்புக்குக் கீழே முடி செம்பழுப்பாக இருக்கும். வளர்ந்த குரங்குகளுக்கு முகமும் பின்புறமும் சிவந்திருக்கும்.

கறுத்த முகமும் மிக நீண்ட வாலுமாக, ஒதுங்கி உட்கார்ந்து இலை தின்கிற குரங்கு ஒன்று கண்ணில் பட்டால் அது லங்கூர். ‘அனுமன் குரங்கு’ என்று வட இந்தியாவில் சொல்வது இதைத்தான்.

ரீசஸுக்கும் உங்களுக்கும் ஏற்கெனவே ஒரு தொடர்பு இருக்கிறது. உங்கள் ரத்த வகைக்குப் பின்னால் ‘பாசிட்டிவ்’, ‘நெகட்டிவ்’ என்று போடுகிறார்களே, அந்த ‘ஆர்ஹெச்’ என்ற பெயர் ரீசஸ் குரங்கின் ஆங்கிலப் பெயரின் முதல் இரண்டு எழுத்துகள். 1949-ல் ராக்கெட்டில் விண்வெளியின் எல்லையைத் தொட்ட முதல் குரங்கும் ரீசஸ்தான். இந்தக் கல்தா கூட்டங்களை வைத்து நேஷனல் ஜியாகிரபிக் சேனல் ‘மங்கி தீவ்ஸ்’ என்று ஒரு தொடரே எடுத்தது.

ஏறும்போது கொஞ்சம் நின்று கவனித்தால் இன்னொன்று தெரியும். கூட்டத்தின் முதுகெலும்பு பெண் குரங்குகள். பெண்கள் பிறந்த கூட்டத்திலேயே வாழ்நாள் முழுக்க இருக்கும். ஆண்கள் வயதுக்கு வந்ததும் வேறு கூட்டம் தேடிப் போய்விடும். அம்மாவின் அந்தஸ்து மகளுக்கு வரும். அதிலும் ஒரு விசித்திரம்: அக்காவைவிடத் தங்கைக்குத்தான் பெரும்பாலும் ‘ரேங்க்’ அதிகம். கடைக்குட்டிக்குச் செல்லம் கொடுப்பது நம்ம வீட்டில் மட்டும் இல்லை போல.

உச்சியில் சூரியன் கோயில்

மூச்சு வாங்க மேலே வந்துவிட்டோம். சின்னக் கோயில்தான். ஆனால் இங்கிருந்து பார்த்தால் ஜெய்ப்பூரின் ரகசியம் ஒன்று புரியும்.

1727-ல் இரண்டாம் சவாய் ஜெய் சிங் இந்த நகரத்தைக் கட்டத் தொடங்கியபோது, மேற்கே சாந்த்போல் என்கிற சந்திரன் வாசலிலிருந்து கிழக்கே சூரஜ்போல் என்கிற சூரியன் வாசல்வரை ஒரு நேர்கோட்டுத் தெருவைப் போட்டார்கள். கடைகள், பஜார் எல்லாம் அந்தக் கோட்டில்தான் வரிசையாக வருகின்றன. அந்தக் கோட்டை மனசுக்குள் கிழக்கே நீட்டினால், அது இந்த மலையில் வந்து முடியும். நீங்கள் நிற்பது அந்தக் கோட்டின் முனையில். அரசவையில் இருந்த திவான் கிருபாராம் 18-ம் நூற்றாண்டில் கட்டியது இந்தக் கோயில். காலையில் போனால் முதுகுப் பக்கம் சூரியன் எழும்ப, எதிரே நகரம் மெல்ல நிறம் மாறுவதைப் பார்க்கலாம். மாலையில் போனால் நகரத்துக்குப் பின்னால் சூரியன் இறங்கும்.

எல்லோரும் போனை எடுப்பது இங்கேதான். எடுங்கள். ஆனால் கையில் லூஸாகப் பிடிக்காதீர்கள். காரணம் பின்னால் வருகிறது.

இறக்கத்தில் ஏழு குளங்கள்

மறுபக்கம் இறங்கினால் காட்சியே மாறிவிடும். இரண்டு பாறைச் சுவர்களுக்கு நடுவே, இளஞ்சிவப்புக் கல்லில் மண்டபங்கள், வளைந்த கூரைகள், மங்கிப்போன சுவரோவியங்கள். கோபுரத்தைத் தேடினால் கிடைக்காது. கோயில் என்பதைவிட ஒரு பழைய அரண்மனை வீடு போலத்தான் இருக்கும்.

நடுவே படிப்படியாகக் குளங்கள். மொத்தம் ஏழு குண்டங்கள். அவற்றில் கல்தா குண்டம்தான் ரொம்பப் புனிதம். பசுவின் வாய் போலச் செதுக்கிய கோமுகத்திலிருந்து நீர் விழுகிறது. இது வற்றவே வற்றாது என்பார்கள். நமக்குப் பொங்கல் வருகிற நாளில் அவர்களுக்கு மகர சங்கராந்தி. அன்று இங்கே புனித நீராடக் கூட்டம் அலைமோதும். வெயில் காலத்தில் குரங்குகளுக்கும் இதுதான் நீச்சல் குளம். ரீசஸ் நன்றாக நீந்தும். சுவரிலிருந்து குட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் குதிப்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

நம்ம ஊரோடு ஒரு தொடர்பும் இங்கே ஒளிந்திருக்கிறது. 16-ம் நூற்றாண்டில் கிருஷ்ணதாஸ் பயஹாரி என்ற துறவி இங்கே வந்த பிறகு, கல்தா ராமானந்தி வைணவர்களின் பெரிய மடமாக வளர்ந்தது. ‘பயஹாரி’ என்றால் பாலை மட்டுமே உணவாகக் கொண்டவர். வட இந்திய பக்தர்களின் வரலாற்றைச் சொல்லும் ‘பக்தமால்’ நூலை எழுதிய நாபாதாஸ் இந்த மரபில் வந்தவர். ராமானந்தி மரபு தன் வேரை ராமானுஜர்வரை கொண்டுபோகும். ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த அதே ராமானுஜர்தான். கல்தாவுக்கு ‘உத்தர தோதாத்ரி’ என்றொரு பெயரும் உண்டு. அதாவது வடக்குத் தோதாத்ரி. அப்படியென்றால் தெற்குத் தோதாத்ரி? திருநெல்வேலிப் பக்கம் நாங்குநேரி, வானமாமலை!

குரங்கு என்ன சொல்கிறது?

திரும்பி ஏறுவதற்கு முன் நடை பாதையில் ஒரு நிமிஷம் உட்காருங்கள். குரங்குகளின் மொழியில் நாலு வார்த்தை தெரிந்துகொண்டால் பயம் பாதி போய்விடும்.

கண்ணோடு கண் வைத்து முறைப்பது: மிரட்டல். நாம் அன்பாக உற்றுப் பார்த்தாலும் அதற்கு அது சண்டைக்கு அழைப்பது போலத்தான். ஓரக்கண்ணால் பாருங்கள், போதும்.

வாயை வட்டமாகத் திறந்து, தலையை முன்னால் நீட்டுவது: ‘இதுக்கு மேல கிட்ட வந்தே, அவ்ளோதான்.’ நின்றுவிடுங்கள். பின்னால் மெதுவாக நகருங்கள்.

சத்தமில்லாமல் பல்லைக் காட்டி இளிப்பது: நம் கண்ணுக்குச் சிரிப்பு. ரீசஸ் மொழியில் அது பயம், பணிவு. ‘என்னை ஒண்ணும் பண்ணிடாதே’ என்று அர்த்தம். ‘பாரு, குரங்கு சிரிக்குது’ என்று அதைச் சுற்றி நின்று செல்ஃபி எடுக்கும்போது, உண்மையில் ஒரு நடுங்குகிற பிராணியைச் சூழ்ந்து நிற்கிறோம். ஓட வழியில்லாத பிராணி கடிக்கும்.

உதட்டை வேகமாகச் சப்புக்கொட்டுவது: சமாதானம், நட்பு.

இன்னொரு முக்கியமான விஷயம். குட்டி அழகாக இருக்கிறதே என்று கிட்டப் போகாதீர்கள். அம்மா எங்கேயோ இருப்பது போலத் தெரியும். ஆனால் பார்வை முழுக்க உங்கள் மேல்தான் இருக்கும்.

ஒரு பிடி கடலையில் என்ன தப்பு?

இப்போது அந்தப் பொட்டலத்துக்கு வருவோம். ஒரு காட்சியைக் கற்பனை செய்துபாருங்கள். காலை எட்டு மணிக்கு வந்த ஒருவர் ஆசையாகக் கடலை கொடுக்கிறார். குரங்கு கையிலிருந்து பொறுக்கித் தின்கிறது. அருமையான வீடியோ. அவர் போய்விட்டார். ஒன்பது மணிக்கு ஒரு ஐந்து வயதுக் குழந்தை பிஸ்கட் பாக்கெட்டோடு வருகிறது. குரங்குக்கு எட்டு மணி ஆளும் ஒன்பது மணிக் குழந்தையும் ஒன்றுதான். மனிதக் கை என்றால் சாப்பாடு. கொடுத்தால் வாங்கும், கொடுக்காவிட்டால் பிடுங்கும். குழந்தை கையை இறுக்கிக்கொண்டால் கீறும்.

எட்டு மணி ஆளுக்கு வீடியோ. ஒன்பது மணிக் குழந்தைக்கு ஊசி. இதுதான் கணக்கு.

குரங்குகள் எவ்வளவு வேகமாகக் கற்றுக்கொள்ளும் என்பதற்கு இந்தோனேசியாவின் பாலித் தீவு ஒரு உதாரணம். அங்கே கடலை ஒட்டிய செங்குத்துப் பாறை மேல் உளுவத்து என்ற இந்துக் கோயில் இருக்கிறது. அங்குள்ள நீள்வால் குரங்குகள் கண்ணாடி, தொப்பி, போன் ஆகியவற்றைப் பறித்து, சாப்பாடு கொடுத்தால்தான் திருப்பித் தரும். 2021-ல் வெளியான ஆய்வு ஒன்று, வளர்ந்த குரங்குகள் எந்தப் பொருளுக்கு மனிதர்கள் அதிகம் கொடுப்பார்கள் என்பதை அறிந்து அதையே தேர்ந்து பறிக்கின்றன என்று காட்டியது. பேரம் பேசுவதை அனுபவத்தில் கற்றிருக்கின்றன. சொல்லிக்கொடுத்தது யார்? சாப்பாடு கொடுத்துப் பொருளை மீட்ட மனிதர்கள்தான். போனை லூஸாகப் பிடிக்க வேண்டாம் என்று சொன்னதற்குக் காரணம் இதுதான்.

நஷ்டம் நமக்கு மட்டுமில்லை, குரங்குக்கும்தான். காட்டில் உணவு இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கும். தேடித் தின்பதிலேயே பொழுது போகும். ஒரே இடத்தில் கொட்டினால் எல்லாம் அங்கேயே குவியும், அடிதடி அதிகமாகும், நோய் சுலபமாகப் பரவும். பிஸ்கட்டும் சிப்ஸும் அவற்றின் உடம்புக்கு ஆகாது. பிளாஸ்டிக் கவரையும் சேர்த்தே கடிக்கின்றன.

காட்டுக்கும் நஷ்டம். மேற்கு வங்கத்தின் பக்ஸா புலிகள் காப்பகத்தில் ரீசஸ் குரங்குகளைப் பற்றிய ஆய்வு 2015-ல் வெளியானது. மனிதர்கள் உணவு கொடுக்கும்போது அவை சுற்றுகிற பரப்பு சுருங்குகிறது, தின்கிற பழ வகைகள் குறைகின்றன, விதைகள் தொலைவுக்குப் போவதில்லை என்று அது கண்டது. பழத்தைத் தின்று விதையைத் தூரத்தில் போடுவது குரங்கு காட்டுக்குச் செய்யும் வேலை. சாலையோரம் உட்கார்ந்து கடலைக்குக் காத்திருக்கிற குரங்கு அந்த வேலையைச் செய்யாது.

‘அப்போ புண்ணியம்?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அனுமனை வணங்குகிறவர்களின் அன்பைக் கேலி செய்ய இதில் ஒன்றுமில்லை. இந்தக் கூட்டங்கள் அடிபடாமல் இத்தனை காலம் வாழ்வதற்கே அந்த அன்புதான் காரணம். அந்த அன்பை வேறு வழியில் காட்டலாம். குப்பையைப் பையில் போட்டுக் கீழே கொண்டுவாருங்கள். உடன் வருகிறவர் கல்லெடுத்தால் தடுங்கள். அந்தப் புண்ணியம் குரங்கின் கணக்கிலும் சேரும்.

பிடித்துக் காட்டில் விட்டால்?

எல்லோரும் கேட்பது இது. டெல்லியில் செய்துபார்த்தார்கள். 2007-ல் டெல்லி உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு, நகரக் குரங்குகளைப் பிடித்து அசோலா பாட்டி சரணாலயத்தில் விட்டார்கள். இன்றும் டெல்லியில் குரங்குப் பிரச்சினை இருக்கிறது. காலியான இடத்துக்கு வேறு கூட்டம் வரும். கொண்டுபோய் விட்டவை பக்கத்து ஊருக்குள் நுழையும். இமாசலப் பிரதேசம் கருத்தடையைத் தொடங்கிப் பல ஆண்டுகள் ஆகின்றன. பலன் தெரிய நாளாகும் வழி அது. 2022-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் செய்த திருத்தத்தில் ரீசஸ் அட்டவணையிலிருந்தே வெளியே போய்விட்டது. ஆக, வனத்துறையா, மாநகராட்சியா, யார் பொறுப்பு என்ற இழுபறி வேறு. இவை எல்லாமே மெதுவான, செலவு பிடிக்கும் வழிகள். சாப்பாட்டை நிறுத்துவது மட்டும்தான் இன்றைக்கே, பைசா செலவில்லாமல் நம்மால் முடிகிற காரியம்.

கடித்துவிட்டால், கீறிவிட்டால்?

இந்தப் பகுதியை மட்டுமாவது சேவ் பண்ணி வையுங்கள்.

- உடனே சோப்புப் போட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவுங்கள். வாட்ச் பார்த்து 15 நிமிடம். மஞ்சள், மிளகாய்ப்பொடி, காபித்தூள் எதுவும் வேண்டாம்.
- கழுவியதும் அதே நாளில் மருத்துவமனைக்குப் போங்கள். ரேபிஸ் அறிகுறி வந்துவிட்டால் பிழைப்பது அநேகமாக நடக்காது. அதற்கு முன்பே முறையாகத் தடுப்பூசி போட்டால் தடுத்துவிடலாம்.
- ‘பத்து நாள் அந்தக் குரங்கைக் கவனிப்போம்’ என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அந்தப் பத்து நாள் கணக்கு நாய், பூனைக்கு மட்டும்தான்.
- ரத்தம் வந்த கடி, கீறல் என்றால் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலின் ஊசியும் தேவைப்படும். டாக்டரிடம் கேளுங்கள்.
- தடுப்பூசி ஒரு தடவையோடு முடியாது. தசையில் போட்டால் 0, 3, 7, 14, 28-வது நாட்கள். தோலில் போட்டால் 0, 3, 7, 28. முதல் ஊசி ஜெய்ப்பூரில், மீதி சென்னையிலோ கோவையிலோ போட்டுக்கொள்ளலாம். சீட்டைப் பத்திரமாக வையுங்கள். ‘லீவு கிடைக்கல’ என்று விட்டுவிடாதீர்கள்.
- கடித்தது குரங்கு என்பதைக் குறிப்பிட்டுச் சொல்லுங்கள். ரீசஸ் குரங்குகளிடம் பி வைரஸ் என்ற கிருமி இருக்கலாம். மனிதருக்குத் தொற்றுவது மிக அபூர்வம். ஆனாலும் டாக்டருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கிளம்பும் முன் ஒரு செக்லிஸ்ட்

அக்டோபர் முதல் மார்ச் வரை நல்ல காலம். கோடையில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். காலையோ மாலையோ போங்கள். ஜிப் வைத்த பை மட்டும். பிளாஸ்டிக் கவர் வேண்டாம், அந்தச் சரசரப்பே அழைப்பு மணி. தண்ணீர் பாட்டில் பைக்குள் இருக்கட்டும். கூலிங் கிளாஸைக் கழற்றி உள்ளே வையுங்கள். குழந்தையைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள், அதன் கையில் எதுவும் இருக்க வேண்டாம். குரங்கு நெருங்கினால் ஓடாதீர்கள். இரண்டு உள்ளங்கையையும் விரித்து ‘ஒண்ணுமில்லை’ என்று காட்டிவிட்டு நகருங்கள். எதையாவது பிடுங்கிவிட்டால், இழுத்துச் சண்டை போடாமல் விட்டுவிடுங்கள். போன் போனால் வாங்கிக்கொள்ளலாம். கைடு வைத்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்: ‘குரங்குக்கு எதுவும் கொடுக்க மாட்டோம், பார்க்க மட்டும்தான்.’

இதெல்லாம் ஜெய்ப்பூருக்கு மட்டும் இல்லை. பழனி படியிலும் அழகர்கோயில் மலையிலும் இதே பாடம்தான். அங்கே நம் பொறுப்பு இன்னும் அதிகம். உலகத்தில் தென்னிந்தியாவில் மட்டுமே வாழ்கிற நம்ம நாட்டுக் குரங்கு, இப்போது அழியும் அபாயத்துக்கு உள்ளாகக்கூடிய இனங்களின் பட்டியலில் இருக்கிறது. ரீசஸுக்கு அந்தக் கவலை இல்லை. அது மெல்ல மெல்லத் தெற்கு நோக்கி நகர்ந்து, நாட்டுக் குரங்கின் இடத்தையும் பிடித்துவருகிறது.

சரி, நடை முடிந்தது. மறுபடி மலை ஏறி இறங்கி, கல்தா கேட்டுக்கே வந்துவிட்டோம். அந்தக் கடலைக்காரர் இன்னும் அங்கேதான் நிற்கிறார். அவருக்கும் பிழைப்பு இருக்கிறது. இப்போது ஒரு பொட்டலம் வாங்குங்கள். ஆட்டோ கிளம்பி, மலை பின்னால் போன பிறகு பிரித்து, நீங்களே சாப்பிடுங்கள்.